பாரீசுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு...

நள்ளிரவில் கார் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போவது குமரி மாவட்டத்துக்குப் புதிது அல்ல. குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வட்டாரங்களில் வளைகுடா நாட்டுக்கு ஒருவரையாவது வழியனுப்பிய வீடுகள் ஏராளம்.

அந்தப் பயணத்தின் கணக்கு வீட்டுப் பெண்களுக்கும் மனப்பாடம். நகையை அடகு வைத்துப் போவார்கள். சில மாதத்தில் பணம் வரத் தொடங்கும். கடன் அடையும். நகை மீளும். பிறகு வீட்டுக்குக் கூரை மாறும்.

இப்போது அதே விமானத்தில் இன்னொரு வகைப் பயணியும் ஏறுகிறார். வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். போவது பிரான்சு நாட்டுக்கு. திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, வேறு விமானம் மாறிப் பாரீஸ் போகிறார். அங்கே ஒரு வணிகக் கல்லூரியில் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்புவார்.

பாதி வழி ஒன்றுதான். ஆனால் கணக்கு வேறு!

இந்தப் பயணத்தில் வீட்டுக்குப் பணம் வராது. வீட்டிலிருந்து பணம் போகும். வர வேண்டியது மதிப்பெண். இதைப் பெற்றோரும் பிள்ளையும் புறப்படும் முன்பே ஒருவருக்கொருவர் வாய் திறந்து சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொண்டால் பாதித் துன்பம் தீர்ந்தது.

பரிமாற்றப் படிப்பு என்றால் என்ன?

நம் நாட்டுக் கல்லூரி ஒன்றும் பிரான்சுக் கல்லூரி ஒன்றும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இங்கிருந்து சிலர் அங்கே போய்ப் படிப்பார்கள். அங்கிருந்து சிலர் இங்கே வருவார்கள். இதுதான் பரிமாற்றம்.

பொதுவாக மாணவர் தம் சொந்தக் கல்லூரிக்கே சம்பளம் கட்டுவார். பிரான்சுக் கல்லூரிக்குத் தனியாகச் சம்பளம் கட்ட வேண்டியது இல்லை. ஆனால் விமானச் செலவு, வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவு எல்லாம் மாணவர் தலையில்தான். "சம்பளம் இல்லை" என்ற சொல்லைக் கேட்டு "செலவே இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது.

வணிகப் படிப்புக்குப் பிரான்சு பழைய நாடு. உலகின் மிகப் பழைய வணிகக் கல்லூரி என்று பெயர் பெற்ற ஒன்று 1819ஆம் ஆண்டு பாரீசில் தொடங்கியது. பாரீஸ் வணிகர் சபை 1881இல் தொடங்கிய கல்லூரி இன்றும் பெயரோடு நடக்கிறது. லியோன், ரூவான், ரேம்ஸ், லீல், கிரெநோபிள் முதலிய ஊர்களிலும் வணிகக் கல்லூரிகள் உண்டு. இந்தியப் பிள்ளைகளை அந்த நாடும் அழைக்கிறது. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது என்று 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் பாரீசில் இலக்கு வைத்தார்கள்.

கோட்டாறு அறிந்த பாரீஸ் மாணவர்

பாரீசில் படித்த வெளிநாட்டு மாணவர் ஒருவரைக் குமரி மாவட்டம் நன்றாக அறியும். கோட்டாறு பேராலயத்துக்குப் பெயர் தந்த சவேரியார்தான் அவர்!

சவேரியார் பிரான்சுக்காரர் அல்ல. நவார் நாட்டவர். 1525ஆம் ஆண்டு பாரீஸ் பல்கலைக் கழகத்துக்குப் படிக்க வந்தார். வேற்று நாட்டுப் பிள்ளைகளோடு ஓர் அறையில் தங்கினார். அந்த அறைத் தோழர்களே பிறகு அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றினார்கள். 1534 ஆகஸ்டு 15ஆம் தேதி பாரீசின் மோன்மார்த்ர் குன்றில் அவர்கள் சேர்ந்து ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். அதன்பின் பத்தாம் ஆண்டில், 1544இல், சவேரியார் குமரிக் கடற்கரை மணலில் நடந்தார்.

எந்த மதத்தவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அயல்நாட்டுப் படிப்பில் பாதி புத்தகத்தில் இருக்கிறது. மறுபாதி பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. சொந்த ஊர்க்காரரோடு மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர் பாதிப் படிப்பை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

முதல் கையெழுத்து

விமானச் சீட்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பலர் மறப்பது இதைத்தான்.

பிரான்சில் எந்த எந்தப் பாடம் படிக்கப் போகிறார்? அந்தப் பாடங்களை இங்குள்ள கல்லூரி எந்த எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளும்? இதை எழுத்தில் வாங்க வேண்டும். இரு கல்லூரிகளின் கையெழுத்தும் வேண்டும்.

ஐரோப்பாவில் பாடத்தின் அளவைக் 'கிரெடிட்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு முழுப் பருவத்துக்கு 30 கிரெடிட். இங்கே எத்தனை வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே போனபின் பாடம் மாறினால், உடனே கடிதம் எழுதி மாற்றத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? நான்கு மாதம் படித்து, தேறி, பெட்டியோடு வந்து இறங்கிய பிள்ளையிடம், "இந்தப் பாடம் எங்கள் கணக்கில் வராது" என்று சொல்லிவிடுவார்கள். மீண்டும் அந்தப் பாடங்களை எழுத வேண்டி வரும். செலவழித்த பணம் திரும்பாது. ஒரு பருவமும் போய்விடும்.

விசாவுக்கு என்ன வழி?

மூன்று மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க நீண்ட காலத் தங்கல் விசா வேண்டும். இந்திய மாணவர்கள் 'காம்பஸ் பிரான்ஸ்' என்ற பிரெஞ்சு அரசு அமைப்பின் வழியாக விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். அதன் பிறகே விசா விண்ணப்பம். அங்கே கைரேகையும் எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். செப்டம்பரில் வகுப்பு என்றால் வைகாசி மாதமே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆடி மாதம் வரை காத்திருப்பது ஆபத்து.

இந்த வேலைக்குத் தரகர் தேவை இல்லை. கல்லூரிக் கடிதம், பாஸ்போர்ட்டு, மதிப்பெண் பட்டியல், பணம் இருப்பதற்குச் சான்று, தங்குமிடச் சான்று ஆகியவற்றை மாணவரே சேர்க்கலாம். "ஐம்பதாயிரம் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அது பெயர்! நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டு இருக்கும். பிரான்சு அலுவலகத்தில் இவை மூன்றும் மூன்று மனிதர்களாகத் தோன்றும். ஆகவே எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துச் சரி செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. அங்கே வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அப்பாவின் பெயர் கேட்கலாம். திகைக்க வேண்டாம். அது உங்களைத்தான்!

பிறப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். நம் நாட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் செய்யும் வேலையை அங்கே பிறப்புச் சான்றிதழ் செய்கிறது. எல்லாத் தாளுக்கும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

கணக்கு, கணக்கு, கணக்கு!

மாணவர் விசாவுக்குக் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பல ஆண்டுகளாக மாதத்துக்கு 615 யூரோ என்பது குறைந்த அளவாக இருந்து வந்தது. புறப்படும் ஆண்டில் எவ்வளவு என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரு யூரோ 2025ஆம் ஆண்டில் 100 ரூபாயைத் தாண்டியது. 100 ரூபாய் என்றே வைத்தாலும், 615 யூரோ என்பது மாதம் 61,500 ரூபாய். நான்கு மாதத்துக்கு 2,46,000 ரூபாய்.

இது விசாவுக்குக் காட்ட வேண்டிய அளவு மட்டுமே. பாரீசில் அறை வாடகை ஒன்றே இதை விழுங்கிவிடும். மற்ற ஊர்களில் வாடகை குறைவு. எந்த ஊர் என்று தெரிந்த பிறகே வீட்டில் கணக்குப் போட வேண்டும். விமானச் சீட்டு, வீட்டுக்கு முன்பணம், குளிர் உடை, மருத்துவக் காப்பு ஆகியவை முதல் மாதமே பணத்தைக் கேட்கும். ஆகவே முதல் மாதத்துக்கு இரண்டு மாதப் பணம் வேண்டும்.

வேலை செய்து சமாளிக்கலாமா? பிரான்சில் மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இது விசாவின் வகையைப் பொறுத்தது. ஒரு பருவம் மட்டும் தங்கும் எல்லாருக்கும் அந்த உரிமை இருக்கும் என்று சொல்ல முடியாது. உரிமை இருந்தாலும், மொழி தெரியாமல் வேலை தேடுவதிலேயே இரண்டு மாதம் ஓடிவிடும். பிறகு தேர்வு வந்துவிடும்.

வாடகைக்கு அரசு உதவி கிடைக்கும் என்று பழைய மாணவர்கள் சொல்லக் கேட்கலாம். அந்த விதிகள் மாறி வருகின்றன. கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

நம் ஊரில் தேநீர்க் கடை வரை பழகிப்போன யு.பி.ஐ. முறையில் 2024 பிப்ரவரி முதல் ஈபெல் கோபுரச் சீட்டு வாங்கலாம். ஆனால் கோபுரம் ஏறலாமே தவிர, வீட்டு வாடகை கட்ட அது உதவாது. வெளிநாட்டில் செல்லும் அட்டை ஒன்றும், கொஞ்சம் ரொக்க யூரோவும் கையில் இருக்க வேண்டும்.

பெட்டியில் எது போகலாம்? எது கூடாது?

புறப்படும் நாளன்று அம்மாமார் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். அங்கே ஐரோப்பாவின் விதி குறுக்கே நிற்கிறது.

வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. ஆகவே நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, இறைச்சி ஊறுகாய் எதுவும் ஆகாது. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. தோவாளைப் பூவும் ஆகாது. செடியிலிருந்து பறித்தவற்றுக்கு நோய் இல்லை என்ற சான்று கேட்பார்கள்.

வாழைப் பழத்துக்கு அந்தச் சான்று வேண்டாம். ஆகவே ஒரு சீப்பு மட்டிப் பழம் போகலாம். பெட்டியில் நசுங்காமல் இருந்தால்! மார்த்தாண்டம் தேன் ஒருவருக்கு இரண்டு கிலோ வரை போகலாம். ஆனால் கைப்பையில் வைக்கக் கூடாது. பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். நேந்திரங்காய் வற்றல் தாராளமாகப் போகலாம். கொப்பரைத் தேங்காயை விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது.

நெத்திலிக் கருவாடு? சட்டம் அனுமதிக்கும். பக்கத்து அறைக்காரர் அனுமதிக்க மாட்டார்!

வழக்கமாக மருந்து சாப்பிடுகிறவர் மருந்தோடு டாக்டர் சீட்டையும் கொண்டு போக வேண்டும். அங்கே மின்சாரத்தின் அழுத்தம் நம் ஊர் போன்றதே. ஆனால் நம் மூன்று முனைப் பிளக்கு அங்கே நுழையாது. மாற்றுப் பிளக்கு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீடு பிடிக்கும்போது

கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தால் அதுவே நல்லது. வெளியில் அறை எடுப்பவர் சில காரியங்களை மறக்கக் கூடாது.

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பக் கூடாது. "சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், பணத்தை முதலில் அனுப்பு" என்கிறவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டு, அவர்கள் அறிந்த இடத்தையே எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார். பிரான்சில் நமக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? அதற்கு 'விசால்' என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள மாணவருக்கு அது ஜாமீன் நிற்கும். வீட்டுக்குக் காப்புறுதி எடுப்பது கட்டாயம்.

உள்ளே குடிபோகும் நாளில் வீட்டின் நிலைமையை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். சுவரில் கீறல் இருந்தால் கீறல் என்று எழுத வேண்டும். ஜன்னல் உடைந்திருந்தால் உடைந்தது என்று எழுத வேண்டும். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

தபால் பெட்டியில் பெயரை ஒட்டிவைக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். அங்கே வங்கி அட்டையும் அரசாங்கக் கடிதமும் தபாலில்தான் வரும்.

முதல் பத்து நாள்

போய் இறங்கியதும் விசாவை எடுத்துப் படிக்க வேண்டும். ஒரு வகை விசாவை மூன்று மாதத்துக்குள் கணினி வழியாகப் பதிந்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு வரியும் கட்ட வேண்டும். மறந்தால் தங்கும் உரிமையே போய்விடும். இன்னொரு வகை விசாவுக்கு அந்தப் பதிவு தேவை இல்லை. ஆனால் அதை அங்கே இருந்தபடி நீட்டிக்க முடியாது. கையில் இருப்பது எது என்று தெரியாமல் தூங்கக் கூடாது. கல்லூரி அலுவலகத்தில் காட்டிக் கேட்டால் சொல்லுவார்கள்.

அடுத்தது உடல்நலக் காப்பு. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டு மாணவர் பிரான்சின் பொது மருத்துவக் காப்பில் இலவசமாகப் பெயர் பதியலாம். 2024 டிசம்பர் முதல் பொது டாக்டரைப் பார்க்கக் கட்டணம் 30 யூரோ. காப்பில் பதிந்தவருக்கு அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பதிவு முடியும் வரை உதவ, இங்கிருந்தே பயணக் காப்பு எடுத்துப் போக வேண்டும்.

பச்சைச் சிலுவை விளக்கு எரியும் இடம் மருந்துக் கடை. சாதாரணக் காய்ச்சலுக்கு அங்கேயே ஆலோசனை சொல்வார்கள். ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112. இதை மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

ஒரு சொல் கதவைத் திறக்கும்

வணிகக் கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கலாம். ஆனால் ரொட்டிக் கடையில் ஆங்கிலம் நடக்காது. வங்கியிலும் தபால் நிலையத்திலும் கடினம். புறப்படும் முன் மூன்று மாதமாவது பிரெஞ்சு படிக்க வேண்டும். 'அலியான்ஸ் பிரான்சேஸ்' என்ற மொழிப் பள்ளி சென்னையிலும் இருக்கிறது. நமக்கு அருகே திருவனந்தபுரத்திலும் இருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் "பொன்ழூர்" என்று வணக்கம் சொல்ல வேண்டும். பிறகுதான் கேள்வி. வணக்கம் சொல்லாமல் "ரொட்டி என்ன விலை?" என்றால், அவர்கள் முகம் மாறிவிடும். கர்வம் பிடித்தவர்கள் என்று நாம் நினைப்போம். மரியாதை தெரியாதவர் என்று அவர்கள் நினைப்பார்கள். "மெர்சி" என்றால் நன்றி.

தமிழனுக்கு எளிதான ஒன்றும் உண்டு. நம்மிடம் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு இருப்பதுபோல் அவர்களிடமும் இரண்டு உண்டு. மரியாதைச் சொல் "வூ". ஆசிரியர், கடைக்காரர், வீட்டுக்காரர் எல்லாருக்கும் "வூ" தான்.

விருந்துக்கு அழைத்தால் பூ வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் செவ்வந்திப் பூ ஆகாது! தோவாளைச் சந்தையில் அது மாலைப் பூ. பிரான்சில் அது கல்லறைப் பூ. நவம்பர் 1ஆம் தேதி அங்கே சகல புனிதர் திருநாள்; நாடே விடுமுறை. மக்கள் செவ்வந்தித் தொட்டிகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நமக்கும் அந்த நாள் நினைவில் நிற்கும். குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது 1954 நவம்பர் 1.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கி வைக்க வேண்டும்.

20க்கு 13 வந்தால் அழலாமா?

அங்கே மதிப்பெண் 20க்குக் கணக்கு. 10 வாங்கினால் தேர்ச்சி. 13, 14 நல்ல மதிப்பெண். 16 வாங்குவது அரிது. நூற்றுக்குத் தொண்ணூறு கேட்டுப் பழகிய அப்பா, 13 என்று கேட்டதும் தலையில் கை வைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள 13 இங்கே எத்தனையாக மாறும்? 65 என்று போட்டுவிட்டால் பிள்ளைக்கு நஷ்டம். மாற்றும் முறையைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

வகுப்பு நடக்கும் முறையும் வேறு. ஒரு கம்பெனியின் உண்மைக் கதையைக் கொடுத்து, "நீ முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். வாய் திறந்தால்தான் மதிப்பெண். ஐந்தாறு பேர் கூட்டாகச் செய்யும் வேலை அதிகம். நேரம் தவறினால் கூட்டாளிகளுக்குக் கோபம் வரும். பிறர் எழுத்தைப் பார்த்து எழுதுவது பெருங்குற்றம்.

புரியாவிட்டால் கேட்க வேண்டும். கேட்பது அவமானம் அல்ல. கேட்காமல் தோற்பதுதான் அவமானம்.

சோறு எங்கே? சூரியன் எங்கே?

மாணவர் உணவகங்களில் மலிவாக முழுச் சாப்பாடு கிடைக்கும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். மீனுக்குப் "புவாசோன்" என்று பெயர். குமரிப் பிள்ளை முதலில் கற்க வேண்டிய சொல் அதுதான்! உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். புட்டித் தண்ணீருக்குக் காசு.

பாரீசில் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷாப்பல் என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் நடத்தும் கடைகள் அவை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரிசி, மிளகாய்ப் பொடி எல்லாம் கிடைக்கும். 1985இல் அமைந்த மாணிக்க விநாயகர் ஆலயமும் பாரீசில் உண்டு. கோடை முடிவில் அங்கே தேர் ஓடும். செப்டம்பர் பருவத்துக்குப் போகிறவர் நாள் கூடினால் அதைப் பார்க்கலாம்.

குமரியில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும். பாரீசில் டிசம்பரில் காலை எட்டரை மணிக்கும் இருட்டு. மாலை ஐந்துக்கு மீண்டும் இருட்டு. குளிரை விட இந்த இருட்டுத்தான் மனத்தை வாட்டும். அறைக்குள் அடைந்து கிடக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். நண்பரோடு சேர்ந்து சமைக்க வேண்டும். கனமான கோட்டை இங்கே வாங்க வேண்டாம். அங்கே பழைய துணிக் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும்.

26 வயதுக்கு உட்பட்டவர் நீண்ட கால விசாவைக் காட்டினால் பாரீசின் புகழ்பெற்ற லூவ்ர் காட்சிச் சாலையை இலவசமாகப் பார்க்கலாம். காசில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு அது நல்ல மருந்து.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிரான்சின் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னே ஓடும். கோடையில் மூன்றரை மணி. காலை ஆறு மணிக்கு அம்மா போன் செய்தால், அங்கே பிள்ளைக்கு நடுச்சாமம்! நம் இரவு ஒன்பது மணி ஏற்ற நேரம்.

போனில், "மக்களே, சாப்பிட்டியா?" என்று கேட்பது தாயின் வழக்கம். கேட்கட்டும். அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். "இன்றைக்கு யாரிடம் பேசினாய்?" நான்கு நாள் தொடர்ந்து "யாரிடமும் இல்லை" என்று பதில் வந்தால், பிள்ளை துன்பத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். மகள் தனியாகப் போகிறாளே என்று அஞ்சும் வீடுகளும், அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்தால் பாதி அச்சம் குறையும்.

"எப்போது பணம் அனுப்புவாய்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. விளையாட்டாகக் கூடக் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை வகுப்பை விட்டுவிட்டு இரவு வேலை தேடும். கண் விழித்து, பாடத்தில் தோற்கும். கடனும் நிற்கும், படிப்பும் நிற்கும்.

பிள்ளையும் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். பணம் தீரப் போகிறது என்றால், தீரும் முன்பே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பாடம் கடினம் என்றால், தேர்வுக்கு முன்பே சொல்ல வேண்டும். "சௌக்கியம்" என்ற ஒரே பதிலை நாள்தோறும் சொல்லிவிட்டுக் காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டு இருப்பது வீரம் அல்ல.

அடகுக் கடையில் இருக்கும் வளையல் நான்கு மாதத்தில் மீண்டு வராது. அது தெரிந்துதான் தாய் அதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். நான்கு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும் பிள்ளையிடம் அவள் எதிர்பார்ப்பது இரண்டுதான். தேறிய மதிப்பெண் பட்டியல் ஒன்று. எந்த நாட்டாரோடும் நிமிர்ந்து பேசும் தைரியம் ஒன்று.

இரண்டும் கையில் இருந்தால், வளையல் தானே வரும்!